மறைமலை நகர் ஃபோர்டு ஆலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2021-இல் மூடுவதாக அறிவித்து, 2022-இல் கார் உற்பத்தியை நிறுத்திய மறைமலை நகர் ஃபோர்டு தொழிற்சாலையில் 2029 முதல் எஞ்சின் தயாரிக்கப் போகிறார்கள் என்ற அறிவிப்பு 2025 அக்டோபர் கடைசியில் வந்தது. அன்றிலிருந்து ‘ஃபோர்டு திரும்ப வருதாமே’ என்று தொடங்கி ஏகப்பட்ட கேள்விகள். வாட்ஸ்அப்பில் சுற்றும் பதில்களில் பாதி ஆசை, பாதி வதந்தி. உறுதியாகத் தெரிந்ததை மட்டும் இங்கே தொகுத்திருக்கிறேன். நடுநடுவே என் கருத்தும் இருக்கும்.

ஃபோர்டு கார் மறுபடி விற்பனைக்கு வருகிறதா?

இல்லை. அறிவிக்கப்பட்டிருப்பது எஞ்சின் மட்டும்தான். தமிழக அரசோடு போட்ட ஒப்பந்தப்படி ₹3,250 கோடி முதலீடு, ஆண்டுக்கு 2,35,000 எஞ்சின்கள், 600 பேருக்கு மேல் வேலை. எல்லாம் ஏற்றுமதிக்கு. அந்த எஞ்சின் எந்த வண்டியில் உட்காரப் போகிறது என்பதை நிறுவனம் வெளியிடவில்லை. அதனால் ‘எண்டவர் வருது, புக்கிங் ஆரம்பம்’ என்று யாராவது வீடியோ போட்டால் தாண்டிப் போய்விடலாம்.

ஆலை எங்கே இருக்கிறது?

சென்னைக்குத் தெற்கே ஜிஎஸ்டி சாலையை ஒட்டி, சிங்கபெருமாள் கோவிலுக்குச் சற்று முன்னால். ஏறத்தாழ 350 ஏக்கர். ஆலை வந்தபோது அது காஞ்சிபுரம் மாவட்டம், 2019-இல் பிரித்த பிறகு செங்கல்பட்டு மாவட்டம்.

ஃபோர்டு சென்னைக்கு முதன்முதலாக வந்தது 1990-களில்தானே?

அப்படித்தான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் 1926-லேயே வந்துவிட்டார்கள். கனடா ஃபோர்டின் கிளையாக ஒரு இந்திய நிறுவனம் தொடங்கி, மெட்ராஸ், பம்பாய், கல்கத்தா என மூன்று துறைமுக நகரங்களிலும், வெளியிலிருந்து வந்த பாகங்களைச் சேர்த்து வண்டிகளைக் கோத்தார்கள். ஏன் கனடா? இந்தியா அப்போது பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தது. பேரரசுக்கு உட்பட்ட நாட்டிலிருந்து வரும் சரக்குக்கு வரிச் சலுகை உண்டு, அமெரிக்காவிலிருந்து நேராக அனுப்பினால் அது கிடைக்காது. சுதந்திரத்துக்குப் பிறகு, ‘வெறுமனே கோத்து விற்பவர்கள் வேண்டாம், உள்நாட்டிலேயே உற்பத்தி செய்பவர்கள் இருந்தால் போதும்’ என்று இறக்குமதி விதிகள் இறுகின. 1950-களின் முற்பகுதியில் ஃபோர்டு கிளம்பிவிட்டது. ஆக, 2021-இல் நடந்தது முதல் வெளியேற்றமில்லை.

1990-களில் திரும்பி வந்தபோது ஏன் மறைமலை நகர்?

துறைமுகம் ஒரு காரணம். அரசு கொடுத்த நிலமும் விற்பனை வரிச் சலுகையும் இன்னொரு காரணம். ஆனால் இவற்றை வேறு மாநிலங்களும் கொடுத்திருக்கும். சென்னையிடம் கூடுதலாக இருந்தது, உதிரிபாகம் செய்யத் தெரிந்த கைகள். பாடியில் லூகாஸ் டிவிஎஸ், சுந்தரம் ஃபாஸ்னர்ஸ், செம்பியத்தில் இந்தியா பிஸ்டன்ஸ், ரானே, எம்ஆர்எஃப் என்று பல பத்தாண்டுகளாக வேரூன்றிய நிறுவனங்கள் இருந்தன. எண்ணூரில் அசோக் லேலண்ட் இருந்தது. பாலிடெக்னிக், ஐடிஐ படித்த பையன்களுக்கும் குறைவில்லை.

இன்னொன்றை இங்கே சொல்லியாக வேண்டும். இதே ஜிஎஸ்டி சாலையில், பெருங்களத்தூர் – வண்டலூர் பக்கம் ஏற்கெனவே ஒரு கார் ஆலை இருந்தது: ஸ்டாண்டர்டு மோட்டார்ஸ். ஹெரால்டு, கசல் என்று அந்தக் காலத்துச் சின்னக் கார்கள் அங்கேதான் பிறந்தன. 1985-இல் ‘ஸ்டாண்டர்டு 2000’ என்ற பெரிய காரைக் கொண்டுவந்தார்கள். அது எடுபடவில்லை, மூன்று வருடத்தில் உற்பத்தி நின்றது. ஃபோர்டு இந்தச் சாலைக்கு வந்தபோது, ஒரு கார் ஆலை எப்படி மூடும் என்பது இந்த ஊருக்குப் புதிதாக இருக்கவில்லை.

இதைக் கொண்டுவந்தது யார் ஆட்சி?

தேர்தல் வந்தால் இந்தக் கேள்வியும் வரும். ஒப்பந்தம் போட்டபோது ஜெயலலிதா ஆட்சி, 1999-இல் கார் வெளியே வந்தபோது கருணாநிதி ஆட்சி. இரண்டு தரப்புக்கும் உரிமை கொண்டாட இடமிருக்கிறது, கொண்டாடவும் செய்கிறார்கள். அடுத்த கேள்வி.

மஹிந்திராவுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

1995-இல் இரண்டு நிறுவனங்களும் சரிபாதிப் பங்கோடு ‘மஹிந்திரா ஃபோர்டு’ தொடங்கின. சென்னை ஆலை எழும்பும் வரை காத்திருக்காமல், நாசிக்கில் மஹிந்திராவின் இடத்தில் 1996-இல் எஸ்கார்ட் காரைக் கோக்க ஆரம்பித்தார்கள். எஸ்கார்ட் ஐரோப்பாவில் ஏற்கெனவே பழசாகிவிட்ட மாடல், இங்கேயும் சுமாராகத்தான் போனது. 1998-இல் ஃபோர்டு தன் பங்கை 72 சதவீதமாக உயர்த்திக்கொண்டது. பெயரும் ஃபோர்டு இந்தியா ஆனது.

இந்தக் கதைக்கு இரண்டாம் பாகம் உண்டு. 2019 அக்டோபரில் இருவரும் மறுபடி கைகோத்தார்கள். இந்த முறை மஹிந்திராவுக்கு 51 சதவீதம். சென்னையிலும் குஜராத்தின் சானந்திலும் இருந்த ஃபோர்டு கார் ஆலைகள் புதிய கூட்டு நிறுவனத்துக்குப் போவதாக ஏற்பாடு. 2020-இன் கடைசி நாளில் அதை ரத்து செய்தார்கள். அடுத்த ஒன்பதாவது மாதம் மூடல் அறிவிப்பு.

ஃபோர்டு ஐகான் அவ்வளவு நல்ல காரா?

அந்தக் காலத்துக்கு நல்ல கார். 1999 நவம்பரில் இந்த ஆலையிலிருந்து வந்தது. ஃபோர்டின் ஃபியஸ்டா காரின் அடித்தளத்தில், பின்னால் டிக்கி வைத்த செடானாக இந்தியாவை மனதில் வைத்தே செய்தது. ‘ஜோஷ் மெஷின்’ என்ற விளம்பரம் பலருக்கு இன்னும் நினைவிருக்கும். 1.6 லிட்டர் பெட்ரோல் வண்டியை ஓட்டியவர்கள் இன்னும் அதைப் பற்றிப் பேசுகிறார்கள், சர்வீஸ் பில்லைப் பற்றியும் பேசுகிறார்கள்.

ஆலையின் வரலாற்றில் ஐகானுக்கு வேறொரு இடமும் இருக்கிறது. அதன் பாகங்களைப் பெட்டி பெட்டியாக அடுக்கித் தென்னாப்பிரிக்காவுக்கும் மெக்சிகோவுக்கும் அனுப்பினார்கள். வெளிநாட்டுப் பாகங்களை வாங்கிக் கோக்கும் இடமாக இல்லாமல், ஆரம்பத்திலேயே வெளியே அனுப்பும் இடமாகவும் இது இருந்தது.

கார் ஆலைக்குள் என்னதான் நடக்கும்?

எஃகுத் தகடு சுருளாக உள்ளே வரும். பிரஸ் ஷாப்பில் அதை வெட்டி, அச்சில் அழுத்திக் கதவு, கூரை, பானெட் ஆக்குவார்கள். பாடி ஷாப்பில் அவற்றை வெல்டிங் செய்து கூடு கட்டுவார்கள். இங்கேதான் ரோபோக்கள் அதிகம். அடுத்து பெயிண்ட் ஷாப்: கூட்டை முழுதாகத் தொட்டியில் முக்கி எடுத்து, அடுக்கடுக்காகச் சாயம் பூசி, சூளையில் காய வைப்பார்கள். இருப்பதிலேயே செலவு பிடிக்கும் பகுதி இது.

கடைசியாக டிரிம், சேசிஸ், ஃபைனல் லைன். ஒயர், டாஷ்போர்டு, கண்ணாடி, சீட் எல்லாம் ஏறுவது இங்கே. கீழிருந்து எஞ்சினும் சக்கர அமைப்பும் வந்து மேலிருக்கும் கூட்டோடு சேரும் இடத்துக்கு உலகம் முழுக்க ‘மேரேஜ்’ என்றே பெயர். ஆட்கள் அதிகம் தேவைப்படுவதும் இந்த லைனில்தான். கார் ஆலை மூடினால் ஆயிரக்கணக்கில் வேலை போவதற்கும், எஞ்சின் ஆலை வந்தால் நூற்றுக்கணக்கில் மட்டும் வேலை வருவதற்கும் காரணம் இங்கே இருக்கிறது.

ஆலை நன்றாக ஓடிய காலம் எது?

2010-க்குப் பிறகு. 2008-இல் ஃபோர்டு 50 கோடி டாலர் முதலீட்டை அறிவித்தது. ஆண்டுக்கு 2 லட்சம் கார், 2.5 லட்சம் எஞ்சின் என்று திறனை உயர்த்தினார்கள். 2010 மார்ச்சில் ஃபிகோ வந்தது. அதுவரை செடான் விற்றுக்கொண்டிருந்தவர்கள், இந்தியர்கள் நிஜமாக வாங்கும் சின்னக் காரை முதன்முறையாகக் கையில் எடுத்தார்கள். விலையும் சரியாக வைத்தார்கள். 2011-இன் ‘இந்தியன் கார் ஆஃப் தி இயர்’ விருது ஃபிகோவுக்குத்தான்.

2013-இல் ஈகோஸ்போர்ட். நான்கு மீட்டருக்குள் அடங்கும் சின்ன எஞ்சின் கார்களுக்கு இந்தியாவில் வரி குறைவு. அந்த அளவுக்குள் உயரமான, ஜீப் மாதிரித் தோற்றமுள்ள ஒரு காரைப் பொருத்தினார்கள். மாதக்கணக்கில் காத்திருந்து வாங்கினார்கள். இன்றைக்கு இந்தியத் தெருக்களை நிறைத்திருக்கும் ‘காம்பாக்ட் எஸ்யூவி’ வகைக்குப் பாதை போட்டதில் இந்த மறைமலை நகர் வண்டிக்குப் பெரிய பங்குண்டு. பாதையில் ஓடி லாபம் பார்த்ததென்னவோ மாருதி பிரெஸ்ஸாவும் ஹூண்டாய் வென்யூவும் டாடா நெக்ஸானும்.

இவ்வளவு நன்றாக ஓடியதை ஏன் மூடினார்கள்?

நஷ்டம். 2021 செப்டம்பர் 9 அன்று வெளியான அறிவிப்பில் அவர்கள் சொன்ன கணக்கு: பத்தாண்டுகளில் தொழிலை நடத்தியதில் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். அதற்குமேல் 2019-இல் 80 கோடி டாலர் சொத்து மதிப்பைக் கணக்கிலிருந்து கழித்தது தனி. இந்தியச் சந்தையில் அப்போது ஃபோர்டின் பங்கு 2 சதவீதத்துக்கும் கீழே.

‘ஃபோர்டு கார் விற்கவில்லை, அதனால் மூடினார்கள்’ என்பது பாதிப் பதில்தான். மீதிப் பாதி ஏற்றுமதியில் இருக்கிறது. 2017-18 வாக்கில் ஃபோர்டு இந்தியா உள்நாட்டில் விற்றதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு கார்களை வெளிநாடுகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. அதாவது ஆலை மூடுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, அது இந்தியர்களுக்குக் கார் செய்யும் ஆலையாக இருப்பதை ஏறக்குறைய விட்டுவிட்டது. வெளிநாட்டு ஆர்டர்தான் சோறு போட்டது.

அப்படிப்பட்ட ஆலைக்கு ஒரு சிக்கல் உண்டு: ஆர்டர் எங்கே போக வேண்டும் என்பதை அமெரிக்காவில் டெட்ராய்ட் பக்கத்துத் தலைமையகத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் முடிவு செய்வார்கள். ஐரோப்பாவுக்கான ஈகோஸ்போர்ட் முதலில் சென்னையிலிருந்துதான் போனது. 2017-இல் அதை ருமேனியாவின் கிரயோவா ஆலைக்கு மாற்றினார்கள். அதை ஈடுகட்டுவது போல அமெரிக்க ஆர்டர் வந்தது. 2018 தொடக்கத்தில் அங்கே விற்பனைக்கு வந்த ஈகோஸ்போர்ட் சென்னையில் செய்தது. அமெரிக்காவே தன் ஃபோர்டை நம்மிடம் வாங்குகிறது என்று அப்போது இங்கே எல்லோருக்கும் பெருமை. ஆனால் ஒரே மாடல், ஒரே பெரிய வாடிக்கையாளர் என்ற நிலை அது. அந்த மாடலின் ஆயுள் முடிந்தால் ஆலையின் ஆயுளும் முடிந்தது.

என்னைக் கேட்டால், விதி மாறிய இடம் சானந்த். சென்னை ஆலையையே முழுதாக நிரப்ப முடியாதபோது, குஜராத்தில் 100 கோடி டாலர் போட்டு 2015-இல் இன்னொரு ஆலையைத் திறந்தார்கள். ஆண்டுக்கு 2.4 லட்சம் கார் செய்யும் ஆலை. இரண்டும் சேர்ந்து 4 லட்சத்துக்கு மேல் செய்ய முடியும். கடைசிக் காலத்தில் அதில் கால்பங்குகூட ஓடவில்லை. பெயிண்ட் ஷாப் சூளைக்குக் காரை வாங்க ஆள் இருக்கிறாரா என்பதெல்லாம் தெரியாது. அரைகுறையாக ஓடினாலும் எரிந்துகொண்டுதான் இருக்கும், செலவு ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

இதோடு, புதிய மாடல்கள் வருவதில் தாமதம், ‘ஃபோர்டு என்றால் பராமரிப்புச் செலவு அதிகம்’ என்ற பெயர் (பின்னாளில் இது அவ்வளவு நியாயமில்லாத பெயர்), டீசல் கார் மோகம் குறைந்தது எல்லாம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மூடும்போது தொழிலாளர்களுக்கு என்ன கிடைத்தது?

சென்னை ஆலையில் நிரந்தரத் தொழிலாளர்கள் ஏறத்தாழ 2,600 பேர். முதல் கோரிக்கை பணமில்லை, வேலை: ‘ஆலையை யார் வாங்கினாலும் எங்களையும் சேர்த்து எடுத்துக்கொள்ள வேண்டும்.’ 2022 பிப்ரவரியில் மத்திய அரசின் உற்பத்தி ஊக்கத்தொகைத் திட்டத்தில் ஃபோர்டு பெயர் இடம்பெற்றது. ஏற்றுமதிக்கு மின்சாரக் கார் செய்வார்கள் என்று நம்பிக்கை முளைத்தது. மே மாதம் அந்த யோசனையைக் கைவிடுவதாக நிறுவனம் சொன்னது.

அதோடு பேச்சு முழுக்க செட்டில்மென்ட் பக்கம் திரும்பியது. மே கடைசியில் ஆலைக்குள்ளேயே வேலைநிறுத்தம். ஏற்றுமதிக்குச் செய்து தர வேண்டிய கார்கள் பாக்கி இருந்ததால் தொழிலாளர் கையில் கொஞ்சம் பேரம் பேசும் பலம் இருந்தது. ஜூனில் பகுதியளவு உற்பத்தி தொடங்கி, ஜூலையில் கடைசி ஈகோஸ்போர்ட் வெளியே வந்தது. ஒவ்வொரு பணி ஆண்டுக்கும் நூற்றுச் சொச்சம் நாள் சம்பளம் என்ற கணக்கில், நாள் எண்ணிக்கையை ஏற்றக் கோரி மாதக்கணக்கில் இழுபறி நடந்து, பிறகுதான் முடிவுக்கு வந்தது.

தொகையாகப் பார்த்தால் சின்னதில்லை. ஆனால் இருபது வயதில் லைனில் சேர்ந்து நாற்பதைத் தொட்டவருக்கு அடுத்த வேலை எங்கே? வேறு ஆலையில் அவரை அந்தச் சம்பளத்தில் சேர்க்க மாட்டார்கள். அங்கே அதே வேலைக்கு டிரெய்னி பையன் பாதிக்கும் குறைவாகக் கிடைப்பான்.

ஒப்பந்தத் தொழிலாளர்கள்? சின்னச் சின்ன வெண்டர்கள்?

செய்தியில் வராத கூட்டம் இது. செட்டில்மென்ட் பேச்செல்லாம் நிரந்தரப் பட்டியலில் இருந்தவர்களுக்கானது. கேன்டீன், லாரி, பஸ், பேக்கிங், துப்புரவு என்று ஆலையை நம்பி இருந்தவர்களுக்கு பேச்சுவார்த்தை மேசையில் நாற்காலியே கிடையாது.

வெண்டர்களில் இரண்டு வகை. ஃபோர்டுக்கு மட்டும் பாகம் செய்தவர்கள் அடிபட்டார்கள். பலருக்கும் சேர்த்துச் செய்தவர்கள் தப்பினார்கள். ஃபோர்டோடு வந்த உதிரிபாக நிறுவனமான விஸ்டியான் இப்போதும் மறைமலை நகர் பக்கம் இருக்கிறது, வேறு வாடிக்கையாளர்களுக்கும் செய்து தருகிறது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், ஒரகடத்தில் ரெனோ–நிசானும் டெய்ம்லரும், மஹிந்திரா சிட்டியில் பிஎம்டபிள்யூ என்று சுற்றுவட்டாரம் நிறைந்திருந்தது பலரைக் காப்பாற்றியது. ஃபோர்டும் ஹூண்டாயும் ஒரே நேரத்தில் வந்து இறங்கியதால்தான் அந்த வட்டாரமே உருவானது.

இடையில் யாரும் ஆலையை வாங்க வரவில்லையா?

சானந்த் ஆலையை டாடா ₹725.7 கோடிக்கு வாங்கி, 2023 ஜனவரியில் கையகப்படுத்தியது. அங்கேயும் எஞ்சின் பிரிவை மட்டும் ஃபோர்டு தன்னிடமே வைத்துக்கொண்டது, ஃபோர்டின் ரேஞ்சர் பிக்கப் வண்டிக்கு எஞ்சின் செய்து அனுப்ப. இதைக் கவனித்திருந்தால் மறைமலை நகரில் இப்போது நடப்பது ஆச்சரியம் தராது.

சென்னைக்கு ஜேஎஸ்டபிள்யூ குழுமத்தோடு பேச்சு நடந்ததாகவும், 2023 டிசம்பரில் ஃபோர்டு பின்வாங்கியதாகவும் செய்திகள் வந்தன. 2024 செப்டம்பரில், முதல்வர் மு.க.ஸ்டாலின் அமெரிக்கப் பயணத்தில் ஃபோர்டு அதிகாரிகளைச் சந்தித்த கையோடு, ஆலையை ஏற்றுமதிக்காகப் பயன்படுத்தப் போவதாக விருப்பக் கடிதம் கொடுத்தார்கள். என்ன செய்வார்கள் என்பது தெரிய இன்னும் ஒரு வருடம் ஆனது.

கார் செய்யாமல் ஏன் எஞ்சின் மட்டும்?

காருக்கு உள்ளூரில் ஷோரூம், விளம்பரம், வாரன்டி, டீலர் என்று பெரிய குடும்பம் வேண்டும். ஏற்றுமதி எஞ்சினுக்கு இவை எதுவும் வேண்டாம். கார் ஏற்றுமதிக்குத் தனி வகைக் கப்பல் தேவை, எஞ்சினைச் சாதாரண கன்டெய்னரில் அடுக்கிவிடலாம். இந்த ஆலையின் ஆட்களும் சுற்றியுள்ள வெண்டர்களும் வார்ப்பு, கடைசல், துல்லிய அளவு என்று எஞ்சின் வேலையில் கை தேர்ந்தவர்கள். இதெல்லாம் என் ஊகம்தான், ஆனால் சானந்தில் அவர்கள் நடந்துகொண்ட விதத்தோடு ஒத்துப்போகிறது.

சங்கடம் என்னவென்றால், எஞ்சின் லைனில் பெரும்பகுதி வேலையை இயந்திரங்களே செய்யும். 2,600 பேர் இருந்த வளாகத்தில் 600 பேர். ‘ஃபோர்டு திரும்பிவிட்டது’ என்று பட்டாசு வெடித்தவர்கள் இந்தக் கணக்கையும் பார்க்க வேண்டும். இரண்டு லட்சம் எஞ்சினை ஒரே கம்பெனியின் வெளிநாட்டு ஆலைகள் வாங்கும் என்பதால், ஈகோஸ்போர்ட் காலத்துச் சிக்கல் அப்படியேதான் இருக்கிறது.

அப்படியானால் ஃபோர்டு 2022-இல் தமிழ்நாட்டை விட்டுப் போய்விட்டதா?

போகவே இல்லை. கார் லைன் நின்ற பிறகும் மென்பொருள், வடிவமைப்பு, கணக்கு வேலைகளில் தமிழ்நாட்டில் சுமார் 12,000 பேர் ஃபோர்டுக்காக வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஓஎம்ஆர் சாலையில், சோழிங்கநல்லூரில் பெரிய வளாகம். 2024-இல், மேலும் 2,500 முதல் 3,000 பேரைச் சேர்ப்பதாகவும் சொன்னார்கள். ஒரே நிறுவனம், நாற்பது கிலோமீட்டருக்குள் இரண்டு விதமான விதி. ஓஎம்ஆரில் ஆள் எடுக்கும்போது ஜிஎஸ்டி சாலையில் ஆள் குறைத்தார்கள்.

என்னிடம் ஃபோர்டு கார் இருக்கிறது. உதிரிபாகம் கிடைக்குமா?

மூடும்போது பத்து ஆண்டுகளுக்குப் பாகமும் சர்வீஸும் தருவதாக நிறுவனம் உறுதி சொன்னது. எண்ணெய், ஃபில்டர், பிரேக் பேட் மாதிரி அடிக்கடி மாற்றும் சாமான்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. கதவு, பம்பர், விளக்கு மாதிரி உடல் பாகங்களுக்குத்தான் பொறுமை வேண்டும். அதனால் பழைய ஈகோஸ்போர்ட் வாங்குகிறவர்கள் எஞ்சினை மட்டும் பார்க்காமல், இடிபட்டுச் சரிசெய்த வண்டியா என்றும் பாருங்கள்.

புதிய எஞ்சின் ஆலையில் வேலைக்கு இப்போதே விண்ணப்பிக்கலாமா?

உற்பத்தி 2029-இல்தான். கட்டுமானம், இயந்திரம் பொருத்தும் வேலைகளுக்கு அதற்கு முன்னரே ஆள் எடுக்கலாம், அது நிறுவனத்தின் இணையதளத்தில் வரும். ‘பழைய ஃபோர்டில் எச்ஆர் தெரியும், இடம் பிடித்துத் தருகிறேன்’ என்று முன்பணம் கேட்கிறவர்களிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம். எஞ்சின் வேலைக்குத் தயாராக வேண்டுமென்றால் சிஎன்சி (கணினி வழி இயங்கும் கடைசல் இயந்திரம்), அளவியல், பராமரிப்பு சார்ந்த ஐடிஐ அல்லது டிப்ளமோ படிப்பு கைகொடுக்கும். ஃபோர்டு எடுக்காவிட்டாலும் ஒரகடத்தில் வேறு யாராவது எடுப்பார்கள்.